கம்பைக் கீழே வைத்த ஏழு நாள்



போன வருடம் மாவட்டச் சிலம்பப் போட்டிக்கு இருபது நாள் இருக்கும்போது, எனக்குக் கம்பைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து ஆசையாகப் பிடித்த கம்பு!

அப்போது என் வழக்கம் இதுதான். காலை நாலரைக்கு எழுந்து, சைக்கிளில் வட்டக்கோட்டை போய்க் கடற்கரை மணலில் ஓட்டம். பிறகு பள்ளிக்கூடம், டியூஷன். சாயங்காலம் இரண்டு மணி நேரம் கம்பு. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, அன்றைக்கு டபுள். எதிராளி தூங்கும்போது நான் பழகுகிறேன் என்று பெருமை வேறு.

மூன்றாவது வாரம் படுத்தால் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் சும்மா சும்மா சண்டை. காலைப் பார்த்து வரும் அடியைச் சாதாரணமாகத் தடுத்துவிடுவேன். அதே அடி ஒரே நாளில் மூன்று தடவை முட்டில் விழுந்தது. பழக்கம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அரை மணி நேரம் கூட்டினேன்! நான் செய்த முட்டாள்தனங்களிலேயே பெரியது அதுதான்.

ஆசான் பார்த்துக்கொண்டே இருந்தார். "லேய் மக்கா, நீ கம்பு சுத்தல, கம்பு ஒன்னச் சுத்துது. ஏழு நாளு இந்தப் பக்கம் வரப்பிடாது" என்று கம்பை வாங்கி வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. பழகும்போது தசை வளர்வதில்லை. தசைநார்களில் சிறுசிறு சேதம்தான் உண்டாகிறது. ஓய்விலும் ஆழ்ந்த தூக்கத்திலும்தான் அது சரியாகிப் பலம் கூடுகிறது. 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டுமாம். நான் தூங்கியது ஐந்தரை! அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே வாரத்தில் ஒரு நாளாவது விளையாட்டுப் பயிற்சிக்கு விடுமுறை விடச் சொல்கிறது.

உடற்கல்வி சார் ஒரு வழி சொல்லித் தந்தார். காலையில் விழித்ததும், எழும்பாமல் மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எனக்கு வழக்கமாக 64. வழக்கத்தைவிடப் பத்துக்கு மேல் கூடி, இரண்டு மூன்று நாள் அப்படியே நின்றால் பழக்கத்தைக் குறைக்க வேண்டும். (காய்ச்சலாகவும் இருக்கலாம், வீட்டில் சொல்லுங்கள்.) போட்டிக்கு முந்தைய வாரம் நேரத்தைப் பாதியாக்கலாம், வேகத்தைக் குறைக்கக் கூடாது.

எடைப் பிரிவுக்காக மத்தியானச் சாப்பாட்டை விடுகிற நண்பர்களே, 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஞாபகம் இருக்கிறதா? வினேஷ் போகத் ஒரே நாளில் மூன்று பேரை ஜெயித்து இறுதிப் போட்டிக்கு வந்தார். அன்று ராத்திரி தூங்காமல் எடையைக் குறைத்தார், முடியைக்கூட வெட்டினார்கள். காலையில் 100 கிராம் கூடுதல்! போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். உடம்பில் நீர் வற்றி, குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று.

என் ஏழு நாளுக்கு வருகிறேன். முதல் இரண்டு நாள் வெறும் தூக்கம். ஐந்தாம் நாள் என்னை அறியாமல் முற்றத்தில் வாரியலை எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். பாட்டி, "குப்பையெல்லாம் மேல தெறிக்குதுலே!" என்று ஏசினாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

நாகர்கோவிலில் இரண்டாம் சுற்றில் தோற்றேன். ஆனால் அடுத்த நாளே ஆசானிடம் போய்க் கம்பைக் கேட்டேன். இந்த வருடமும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமை சாயங்காலம் எனக்குப் பழக்கம் கிடையாது. இதை எழுதியது அந்த நேரத்தில்தான்.

– பதினோராம் வகுப்பு மாணவன்