நிற்கும் காரிலும் மின்சாரம் செலவாகுமா?

மாணவர்களே! பூட்டி நிறுத்திய மின்சாரக் காரில் மின்சாரம் செலவாகாது என்று எண்ணுகிறீர்களா? சாவியைச் செருகாமலே திறக்கும் கார்கள் பல இன்று உள்ளன. இவற்றில் சில, நின்றபடியே குறைந்த அதிர்வெண் அலைகளை அனுப்பிச் சாவியைத் தேடுகின்றன. இவ்வலைகள் ஓரிரு மீட்டர் தொலைவே எட்டும். அதற்குள் சாவி இருந்தால், அது வானொலி அலையால் பதில் கூறும். உடனே காரின் கணிப்பொறிகள் விழித்துக்கொள்ளும். சாவி அருகிலேயே கிடந்தால் சில கார்கள் உறங்குவதே இல்லை!

அவ்வாறு விழித்திருக்கும் கார் 200 வாட் திறன் எடுப்பதாகக் கொள்வோம். திறனை நேரத்தால் பெருக்கினால் ஆற்றல் அல்லவா? 24 மணி நேரத்தில் 4.8 கிலோவாட் மணி! 60 கிலோவாட் மணி மின்கல அடுக்கில் இது 8 சதவீதம். எனவே, சாவியைக் காரிலிருந்து சில மீட்டர் தள்ளியே வைக்க வேண்டும்.