புண் மாறினாலும் நோய் மாறாது

வலிக்கும் புண்ணைவிட வலிக்காத புண்ணுக்கே நான் பயப்படுகிறேன். வலித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். வலிக்காவிட்டால் வெட்கத்தில் மறைத்துவிடுவோம். சிபிலிஸ் என்ற பாலியல் நோய்க்கு அந்த மறைப்பே போதும்.

நோய் தொற்றி ஏறத்தாழ 3 வாரங்களில் பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ வாயிலோ வலியற்ற புண் ஒன்று தோன்றும். மருந்தில்லாமலே 3 முதல் 6 வாரங்களில் மாறிவிடும். ஆனால் கிருமி உடலில் இருக்கும். பின்னர் உள்ளங்கை, உள்ளங்கால்களில் அரிப்பில்லாத தடிப்புகள் வரலாம், அவையும் மறையும். கவனியாது விட்டால் பல ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும்.

இரத்தப் பரிசோதனையில் இதனைக் கண்டுபிடிக்கலாம். தொற்றிய புதிதில் முடிவு தெளிவாக வராவிட்டால் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். ஆரம்ப நிலையில் பென்சதீன் பெனிசிலின் ஊசி ஒரு தடவை போதும். நாட்பட்டிருந்தால் வாரம் ஒன்றாக 3 தடவை. பெனிசிலின் ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கணவன், மனைவி இருவருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் அவசியம். இல்லாவிட்டால் திரும்பவும் தொற்றும்.

தாயிலிருந்து சிசுவுக்கு இந்நோய் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. கர்ப்பிணிகளின் கிளினிக்கில் எடுக்கும் இரத்தப் பரிசோதனைக்கு அதில் பெரும் பங்குண்டு. அதைத் தவறவிடாதீர்கள்.

அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் சிகிச்சை இலவசம்; விபரங்கள் இரகசியமாகவே இருக்கும். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சினால் அடுத்த மாவட்டத்துக்குப் போங்கள். யுத்தத்தில் எவ்வளவோ இழந்துவிட்டோம். ஊசியால் தீரும் நோய்க்கு இன்னோர் உயிரைக் கொடுக்க வேண்டாம்.