பொன்னை அறிவோம்: கொலுசும் சங்கிலியும்

புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடி வட்டாரத்தில் கருக்காக்குறிச்சி என்றோர் ஊர் இருக்கிறது. 1898-ஆம் ஆண்டில் அங்கே மண்ணுக்குள்ளிருந்து ஒரு புதையல் கிடைத்தது. அதில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. ஏறத்தாழ 1800 ஆண்டுகள் மண்ணில் கிடந்தும் அவற்றைத் துரு அரிக்கவில்லை. ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் பொன் எளிதில் வினைபுரிவதில்லை என்பதே காரணம். அக்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளி வெட்டு ஒன்று காணப்படுகிறது. அவை இனி நாணயமாகச் செல்லக்கூடாது என்பதற்காகவே அவ்வாறு வெட்டினர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எனினும் அந்த வெட்டு இன்னொன்றையும் காட்டிவிடுகிறது. மேலே மட்டும் பொன்னா, உள்ளேயும் பொன்னா என்பது தெரிந்துவிடுகிறது அல்லவா?

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் கொலுசோ சங்கிலியோ வாங்கும்போதும் இதே கேள்விதான் எழுகிறது. ஆனால் வாங்கப்போகும் நகையை உளியால் வெட்டிப் பார்க்க முடியாது. பல ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் நகையாக மாறுகிறது. அதில் குறை இருந்தால், மருத்துவச் செலவுக்கோ உங்கள் படிப்புக்கோ அதை அடகு வைக்கப் போகும் நாளில்தான் அது வெளிப்படும். எனவே கடைக்குச் செல்லும் பெற்றோருடன் நீங்களும் செல்லுங்கள். நீங்கள் வகுப்பில் படிக்கும் அறிவியல் அங்கே உதவும்.

காரட் என்பது யாது?

தூய தங்கத்தை நம் முன்னோர் 'பத்தரை மாற்று' என்றனர். இன்று அதை 24 காரட் என்கிறோம். தூய பொன் மிக மென்மையானது. அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்கும். அதனால் தூய பொன்னில் செய்த மெல்லிய வளையம் விரைவில் நெளிந்துவிடும். செம்பு அணு பொன் அணுவைவிடச் சிறியது. அது இடையே புகுந்தால் அடுக்குகளின் ஒழுங்கு குலைந்து, வழுக்குவது கடினமாகிறது. ஆகவேதான் செம்பும் வெள்ளியும் கலந்து நகை செய்கிறார்கள். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு பொன். 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.9166 வரும். நகையில் காணும் '916' என்னும் எண்ணின் பொருள் இதுவே. 2 சவரன், அதாவது 16 கிராம் எடையுள்ள 22 காரட் கொலுசில் தூய பொன் சுமார் 14.67 கிராம் இருக்கும்.

'கே.டி.எம்.' என்னும் சொல்லையும் கேட்டிருப்பீர்கள். அது தூய்மையின் அளவன்று. கேட்மியம் கலந்த பற்றுப்பொடியால் ஒட்டப்பட்டது என்பதே அதன் பொருள். உருக்கும்போது எழும் கேட்மியம் ஆவி பொற்கொல்லரின் நுரையீரலைக் கெடுக்கும். எனவே அந்தச் சொல்லைத் தரச்சான்றாகக் கொள்ள வேண்டாம்.

கடையில் காணவேண்டியவை

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஹால்மார்க் முத்திரை, 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. நகையில் மூன்று குறிகளைத் தேடுங்கள். அமைப்பின் முக்கோண முத்திரை ஒன்று. '22கே916' போன்ற தூய்மைக் குறி மற்றொன்று. எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி மூன்றாவது. அமைப்பின் கைபேசிச் செயலியில் இந்த அடையாளக் குறியை இட்டால் அந்த நகையின் விவரம் வரும். குறிகள் மிகச் சிறியவை. உங்கள் ஆய்வகக் கைலென்சைக் கொண்டுபோனால் நன்றாகப் படிக்கலாம்.

பில்லில் கல் எடை நீக்கிய நிகர எடை தனியே இருக்க வேண்டும். சேதாரத்தையும் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, 16 கிராம் கொலுசுக்குச் சேதாரம் 12 சதவீதம் என்றால் 1.92 கிராம் பொன்னின் விலையைக் கூடுதலாகத் தருகிறீர்கள். நகையை விற்கும்போது இது திரும்பி வராது. நுணுக்க வேலைப்பாடு மிகுந்தால் சேதாரமும் மிகும்.

ஆர்க்கிமிடீஸ் துணை

பொன்னின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம்; வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 8.96. இவற்றிலிருந்து கணக்கிட்டால் 22 காரட் பொன்னின் அடர்த்தி 17.6 முதல் 18 வரையும், 18 காரட்டின் அடர்த்தி 15 முதல் 16 வரையும் வரும். பள்ளித் தராசில் நகையைக் காற்றில் நிறுங்கள். பின்பு நூலில் கட்டி, நீரில் முழுதும் மூழ்கியிருக்கும்படி தொங்கவிட்டு நிறுங்கள். காற்றில் கண்ட எடையை எடைக்குறைவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 16 கிராம் நகை 22 காரட்டாக இருந்தால் 0.9 கிராம் அளவு குறையும். 18 காரட்டானால் 1.03 கிராம் அளவு குறையும். வேறுபாடு மிகச் சிறியது. எனவே 10 மில்லிகிராம் வரை காட்டும் தராசு வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சங்கிலிக் கண்ணிகளுக்கிடையே காற்றுக் குமிழ் தங்கினால் எடைக்குறைவு மிகுந்து, நல்ல பொன்னும் போலியாகத் தோன்றும். நீரில் ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல் விட்டு, நகையை அசைத்துக் குமிழ்களை நீக்குங்கள். கல் பதித்த நகைக்கும் உள்ளே அரக்கு நிரப்பிய நகைக்கும் இம்முறை பயன்படாது. டங்ஸ்டனின் அடர்த்தி பொன்னின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால், அடர்த்தி ஒன்றை மட்டும் முடிந்த சான்றாகக் கொள்ளவும் கூடாது.

ஏன் தேய்கிறது?

காலில் பொன் அணிவதில்லை என்பது நம் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். அணிய விரும்புவோர் தேய்மானத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். மோஸ் கடினத்தன்மை அளவில் பொன் 2.5 முதல் 3 வரை. தெருப் புழுதியிலுள்ள குவார்ட்ஸ் மணலோ 7. நாளொன்றுக்கு 5000 அடி நடந்தால் ஆண்டுக்கு 18 லட்சம் முறைக்கு மேல் கொலுசு அசைகிறது. ஒவ்வோர் அசைவிலும் மணல் பொன்னைச் சுரண்டுகிறது.

சங்கிலியிலும் கண்ணிகள் தொடும் இடமே தேய்கிறது. கம்பியின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 1 மில்லிமீட்டர் கம்பி 0.7 மில்லிமீட்டராகத் தேய்ந்தாலே வலிமை பாதியாகிவிடும். ஆகவே நாள்தோறும் அணிய, உள்ளீடற்ற கண்ணிகளைவிடக் கெட்டியான கண்ணிகளே ஏற்றவை. கொக்கியையும் திருகாணியையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்துப் பாருங்கள்.

பேணும் முறை

வெதுவெதுப்பான நீரில் பூந்திக்கொட்டையோ மென்மையான சோப்போ கரைத்து, நகையைச் சிறிது நேரம் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் துலக்கினால் போதும். சாம்பல், மணல், பற்பொடி ஆகியவை வேண்டாம். அவை பொன்னைச் சுரண்டும். பிளீச்சிங் தூள் கலந்த நீரில் நகையோடு கைவைக்காதீர்கள். குளோரின், கலவையிலுள்ள செம்பையும் வெள்ளியையும் தாக்கி, பற்று வைத்த இடங்களை நொறுங்கச் செய்யும். கல் பதித்த நகைகளைத் தனித்தனித் துணிப்பையில் வையுங்கள்.

ஆய்வகத்தில் பாதரசம் இருந்தால் மோதிரத்தையும் வளையலையும் முதலில் கழற்றிவிடுங்கள். பாதரசம் பொன்னோடு கலந்து இரசக்கலவை ஆகும், நகை வெளுத்துவிடும். அதைப் போக்க நகையை நெருப்பில் காட்டவே கூடாது. எழும் ஆவி கொடிய நஞ்சு.

கடைசியாக, நகைக்கு மெருகேற்றித் தருவதாக வாசலுக்கு வருவோரை நம்ப வேண்டாம். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த இராஜ திராவகம் பொன்னையே கரைக்கும். அதில் தோய்ந்த சங்கிலி பளபளப்பாகத் திரும்பி வரும். ஆனால் கரைந்த பொன் அவருடைய குப்பியிலேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்பைத் தராசு காட்டிவிடும். எனவே வீட்டிலுள்ள ஒவ்வொரு நகையின் எடையையும், வாங்கிய நாளையும், அடையாளக் குறியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, பில்லோடு சேர்த்து வையுங்கள். இந்த வேலையை இந்த வாரமே நீங்கள் தொடங்கலாம்.