ஏசி போட்டா எலெக்ட்ரிக் கார் ரேஞ்ச் எவ்வளவு குறையும்? டிராஃபிக்கில்தான் சிக்கலே!

கத்திரி வெயிலில் ஏசி போடாமல் கார் ஓட்ட முடியாது. ஆனா, ஏசி போட்டா வீடு போய்ச் சேர சார்ஜ் இருக்குமா? எலெக்ட்ரிக் கார் வச்சிருக்கும் பலருக்கும் இந்த பயம் உண்டு.

அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் 2019-ல் 5 எலெக்ட்ரிக் கார்களைச் சோதித்தது. 35 டிகிரி வெப்பத்தில் ஏசி போடாதபோது ரேஞ்ச் சராசரியாக 4% குறைந்தது. ஏசி போட்டதும் 17% குறைந்தது. அதாவது, 200 கி.மீ ஓடும் கார் 166 கி.மீதான் ஓடும்.

டிராஃபிக்கில் ஏன் சிக்கல்?

மோட்டார், கார் ஓடும் தூரத்துக்கு ஏற்ப சார்ஜ் எடுக்கும். ஏசியோ நேரத்துக்கு ஏற்ப எடுக்கும். கார் சிக்னலில் நின்றாலும் ஏசி ஓடிக்கிட்டே இருக்கும். மணிக்கு 1 யூனிட் செலவாகுதுன்னு வச்சுக்குவோம். அது சின்ன கார் சுமார் 7 கி.மீ ஓடுவதற்கான கரண்ட். ஹைவேயில் 80 கி.மீ போகும் அந்த ஒரு மணி நேரத்தில் இது பெரிசா தெரியாது. நெரிசலில் 15 கி.மீ நகர்வதற்குள் 7 கி.மீ போனால்?

என்ன செய்யலாம்?

* நிழலில் பார்க் பண்ணுங்க.
* கிளம்பும் முன் கண்ணாடியை இறக்கி அனலை வெளியேற்றுங்க. சூடான காரைக் குளிர்விக்கும்போதுதான் ஏசி அதிக கரண்ட் இழுக்கும்.
* வசதி இருந்தால், சார்ஜரில் இருக்கும்போதே ஆப் மூலம் ஏசியை ஆன் பண்ணுங்க.
* நெரிசலான ரூட் என்றால், திரையில் காட்டும் ரேஞ்சை அப்படியே நம்பாம கொஞ்சம் கூடுதல் சார்ஜோடு கிளம்புங்க.