அடுத்த முகாமையாளர் யார்?

உதைபந்தாட்டம் வன்னிப் பெருநிலப்பரப்பு இளைஞரிடையே வேரூன்றிய விளையாட்டு. முல்லைத்தீவுக் கடற்கரை ஊர்களிலும், கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டங்களிலும், வவுனியாப் பாடசாலை மைதானங்களிலும் மாலை வேளைகளில் பந்து உருளும். இவ்விளைஞர் தம் ஊர்க் கழகத்துக்காக ஆடுவர். இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ உள்ள ஒரு கழகத்தையும் தம்முடையதாகவே கொண்டாடுவர். அக்கழகத்தின் முகாமையாளர் பதவி வெறுமையாகிவிட்டால், மறுநாட் காலை சந்தித் தேநீர்க் கடையிலும் அவ்வினாவே எழும்: அடுத்தவர் யார்?

இங்கிலாந்தின் பழைய வழக்கப்படி முகாமையாளர் என்பவர் வெறும் பயிற்றுநர் அல்லர். அணியைத் தெரிவு செய்தல், ஆட்டமுறையை வகுத்தல், ஆட்டக்காரரை வாங்குதல், விற்றல் ஆகிய யாவற்றிலும் அவர் சொல்லே முதன்மை பெற்றது. இன்று பல கழகங்களில் வாங்கும் பொறுப்பைப் பணிப்பாளர் ஒருவர் ஏற்கின்றார். முகாமையாளருக்கு எஞ்சுவது பயிற்சியும் ஆட்டமுமே. ஆயினும் தோல்வி வந்தால் பழி முதலில் அவர் தலையிலேயே விழுகின்றது. ஆதலின் அப்பதவிக்கு வருபவர் யார் என்று இரசிகர் ஆவலோடு ஊகிப்பது இயல்பே.

இரசிகரின் ஊகம் பெரும்பாலும் மூன்று வழிகளிற் செல்லும். உலகறிந்த பெரும் பெயர் ஒன்று வேண்டும் என்பர் சிலர். அக்கழகத்திலேயே முன்னர் ஆடிப் புகழீட்டியவர் வரவேண்டும் என்பர் வேறு சிலர். சென்ற பருவத்தில் எங்கேனும் கிண்ணம் வென்றவரை அழைக்கலாம் என்பது மூன்றாவது கட்சி. இம்மூன்றிலும் நியாயம் உண்டு. ஆனால், வருபவர் அந்த அணிக்குப் பொருந்துவாரா என்ற நான்காவது வினாவைக் கேட்போர் சிலரே.

இவ்வினாவின் பெறுமதியை 1974ஆம் ஆண்டு உணர்த்திற்று. அவ்வாண்டு யூலை மாதத்தில் இங்கிலாந்தின் இரு பெருங் கழகங்களில் ஒரே வேளையில் முகாமையாளர் பதவி வெறுமையாயிற்று. லீட்ஸ் கழகத்தின் டொன் ரெவி இங்கிலாந்துத் தேசிய அணிக்குச் சென்றார். லிவர்பூல் கழகத்தின் பில் ஷாங்லி எவரும் எதிர்பாராத வகையில் விலகினார். லீட்ஸ் பெரும் பெயரை நாடியது. டார்பி கழகத்தை 1972இல் லீக் வெற்றியாளராக்கிய பிரையன் கிளப் அழைக்கப்பட்டார். ஆனால் லீட்ஸ் அணியின் ஆட்டப் போக்கை அவர் முன்பே வெளிப்படையாகக் கண்டித்தவர். அவ்வணியின் மூத்த ஆட்டக்காரருடன் அவருக்கு ஒத்துப்போகவில்லை. ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. நாற்பத்து நான்காம் நாள் அவர் நீக்கப்பட்டார்.

லிவர்பூல் கழகமோ ஷாங்லியின் பக்கத்தில் நின்றவரையே தெரிந்தெடுத்தது. பொப் பெய்ஸ்லி 1939ஆம் ஆண்டிலேயே அக்கழகத்திற் சேர்ந்தவர். ஆட்டக்காரராகவும், காயங்களுக்குச் சிகிச்சை அளிப்பவராகவும், துணைப் பயிற்றுநராகவும் அங்கேயே உழைத்தவர். உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்கள். பெய்ஸ்லியும் அப்பதவியைத் தயக்கத்துடனேயே ஏற்றார். முதற் பருவத்தில் லீக் பட்டம் கிட்டவில்லை. அணி இரண்டாம் இடமே பெற்றது. ஆயினும் 1983இல் அவர் ஓய்வு பெற்றபோது ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கிண்ணங்களும் கழகத்தின் கணக்கில் ஏறியிருந்தன.

இதனாற் கிளப் திறமையற்றவர் என்று முடிவு செய்தல் தவறு. அவரே பின்னர் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் என்ற சிறிய கழகத்தை 1979, 1980 ஆகிய ஈராண்டுகளிலும் ஐரோப்பியக் கிண்ணம் வெல்லச் செய்தார். மனிதர் அவரே, பொருந்திய இடம் வேறு. நல்ல நெல்லாயினும் நிலத்துக்கும் போகத்துக்கும் ஏற்றதாக இருத்தல் வேண்டும் என்பதை வன்னிக் கமக்காரருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளிருந்து வருபவரே எப்போதும் வெல்வார் என்றும் கூறுவதற்கில்லை. ஆர்சனல் கழகம் 1996இல் யப்பானிலிருந்து ஆர்சன் வெங்கரை அழைத்து வந்தபோது, இங்கிலாந்து இரசிகரிற் பலர் அப்பெயரைக் கேள்விப்பட்டதேயில்லை. அவர் 1998இல் லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் ஒருங்கே வென்றார். 2003–04 பருவத்தில் அவரது அணி ஒரு லீக் ஆட்டத்திலேனும் தோற்கவில்லை. மாறாக, மான்செஸ்டர் யுனைட்டட் கழகத்தில் இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய அலெக்ஸ் ஃபெர்குசன் 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓய்வை அறிவித்ததும், மறுநாளே டேவிட் மொய்ஸ் பெயர் வெளியாயிற்று. ஃபெர்குசனே விரும்பிக் காட்டிய மனிதர் அவர். ஆறாண்டு ஒப்பந்தம் பெற்றவர் ஓராண்டு நிறையுமுன் நீக்கப்பட்டார். இத்தனைக்கும் ஃபெர்குசன் அக்கழகத்தில் தமது முதற் கிண்ணத்தை வென்றது 1990இலேயே. 1986இல் வந்தவருக்குக் கழகம் அளித்த பொறுமை மொய்ஸுக்குக் கிட்டவில்லை.

இனி, வதந்தி எவ்வாறு பிறக்கின்றது? சில பயிற்றுநரின் முகவர்கள் தம்மவர் பெயரை வேண்டுமென்றே பத்திரிகையாளரிடம் கசிய விடுவர். இருக்கும் கழகத்தில் ஊதியத்தை உயர்த்திக்கொள்ளவும் அது உதவும். பந்தய நிலையங்கள் பெயர்ப்பட்டியல் வெளியிடும். பணம் எப்பெயர் மீது கட்டப்படுகின்றதோ அப்பெயர் பட்டியலில் மேலேறும். அவ்வேற்றமே மறுநாட் செய்தியாகும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இந்தியாவில் 2025 யூலை மாதத்தில் தேசிய அணிக்குப் பயிற்றுநர் தேடியபோது, ஸ்பெயினின் புகழ்மிக்க ஷாவி விண்ணப்பித்துள்ளார் என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. அவர் பெயரிலும் குவார்டியோலா பெயரிலும் வந்த மின்னஞ்சல்கள் போலியானவை என்று அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் பின்னர் அறிவித்தது. ஓகஸ்ட் முதலாம் நாள் தெரிவு செய்யப்பட்டவர் இந்திய அணியின் முன்னாள் ஆட்டக்காரரான காலித் யமீல்.

தமிழகத்துச் சென்னையின் எஃப்.சி. கழகத்தின் வரலாறும் நோக்கத்தக்கது. யோன் கிரெகரியின் கீழ் 2018 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் கிண்ணம் வென்ற அக்கழகம், அடுத்த பருவத்திலேயே பதினெட்டு ஆட்டங்களில் ஒன்பது புள்ளிகளுடன் கடைசி இடத்துக்கு இறங்கிற்று. 2019 நவம்பர் முடிவில் கிரெகரி விலக, டிசம்பரில் ஓவன் கொயில் வந்தார். பருவத்தின் நடுவில், பெரும்பாலும் அதே ஆட்டக்காரரைக் கொண்டே, 2020 மார்ச்சில் அணியை இறுதியாட்டம் வரை அவர் அழைத்துச் சென்றார். கிண்ணம் கைகூடவில்லை, ஆனால் பொருத்தமான ஒருவர் வந்தால் அதே கால்கள் வேறுவிதமாக ஓடும் என்பது தெளிவாயிற்று.

இவ்வினா வன்னியின் ஊர்க் கழகங்களுக்கும் உரியது. அங்கே ஊதியம் பெறும் முகாமையாளர் பெரும்பாலும் இல்லை. பாடசாலை விளையாட்டு ஆசிரியரோ, முழங்கால் தளர்ந்த முன்னாள் ஆட்டக்காரரோ ஊதியமின்றிச் சிறுவரைப் பழக்குகின்றார். 2009இல் போர் முடிந்து, மக்கள் படிப்படியாக மீளக் குடியேறியபோது, சிதறிய கழகங்களை மீண்டும் கூட்டியவர்களும் இத்தகையோரே. ஆசிரியருக்கு இடமாற்றம் வரலாம்; மற்றவர் தொழில் தேடி வெளிநாடு செல்லலாம். அப்போது பந்தய நிலையம் பட்டியல் வெளியிடாது; பத்திரிகை ஊகம் எழுதாது. பயிற்சி சில வாரங்கள் நின்றாற் சிறுவர் கலைந்து விடுவர். கலைந்தவரை மீண்டும் சேர்த்தல் எளிதன்று.

ஆகவே தொலைதூரக் கழகத்துக்காகத் தேநீர்க் கடையிற் கேட்கப்படும் வினா, ஊர்க் கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் கேட்கப்பட வேண்டும். இப்போதைய பயிற்றுநரின் பக்கத்தில் நின்று பழகுபவர் யார்? சிறுவரின் பெயரும் குணமும் அறிந்தவர் யார்? அவர் தோற்றாற் கழகம் எத்தனை பருவம் பொறுத்திருக்கும்? பதவி வெறுமையாகுமுன் இவற்றுக்கு விடை கண்ட கழகத்தில், பயிற்றுநர் புறப்பட்டுச் சென்ற மறுநாளும் மாலையிற் பந்து உருளும்.