ஏலக்காயை இருப்பு வைக்கலாமா?

கூடலூர், கம்பம் பகுதிகளில் குடியிருந்து, குமுளிக்கு மேலுள்ள ஏலமலைகளில் தோட்டம் வைத்திருக்கும் அங்கத்தினர்கள் நம்மிடையே பலர் உளர். போடிநாயக்கனூர்ச் சந்தையில் விலை இறங்கும் வேளைகளில், சரக்கைச் சில மாதங்கள் இருப்பு வைத்தால் என்ன என்ற எண்ணம் அவர்களுக்கு எழுவது இயல்பே. விலை ஏறுமா என்பதை எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால், காத்திருக்கும் காலத்தில் காய் என்ன மாறுதல் அடையும் என்பதைக் கூற இயலும். அதனையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

இருப்பினால் மேன்மையுறும் விளைபொருள்களும் உலகில் உண்டு. தென் அமெரிக்க மக்கள் தேநீர்போல் பருகும் மாட்டே என்னும் இலை அவற்றுள் ஒன்று. பறித்த இலையைத் தீயில் விரைந்து வாட்டி, உலர்த்திய பின், அர்ஜென்டினாவில் 9 முதல் 24 மாதங்கள் வரை கிடங்கில் வைத்துப் பக்குவப்படுத்துகின்றனர். பச்சை நிறம் மங்கி, கடுப்புத் தணிந்த இலையே அங்கு விரும்பப்படுகிறது. பிரேசிலிலோ அதே இலையைப் பசுமை மாறுமுன் புதிதாகவே பருகுகின்றனர். ஆகவே, இருப்பு நன்மையா தீமையா என்பது வாங்குவோரின் விருப்பத்தைப் பொறுத்தது.

ஏலக்காயில் வாங்குவோர் நாடுவன பசுமையும் மணமும் ஆகும். இரண்டுமே நாளடைவில் குறைவன. பசுமை, தோலிலுள்ள பச்சையத்தால் அமைவது; வெயிலும் வெப்பமும் ஈரமும் அதனை அழிக்கின்றன. மணம், உள்ளிருக்கும் ஏலரிசியின் எண்ணெயால் அமைவது. அவ்வெண்ணெய் மெல்ல ஆவியாகும் இயல்புடையது. தோலே அதற்கு மூடி. அதனால்தான் வெடித்த காயும் உரித்த ஏலரிசியும் விரைவில் மணம் இழக்கின்றன.

இருப்புத் தாங்கும் திறன் ஸ்டோரில் உலர்த்தும்போதே முடிவாகிவிடுகிறது. பச்சைக் காயில் ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கு நீர். அதனை 10 முதல் 12 பங்குக்குக் குறைத்தல் வேண்டும். சுமார் 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் 1 கிலோ ஆகும். 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 18 முதல் 24 மணி நேரம் உலர்த்துவது முறை. அவசரப்பட்டு வெப்பத்தைக் கூட்டினால் நிறம் மங்கும், தோல் வெடிக்கும். குறைவாக உலர்ந்தாலோ மூட்டைக்குள் பூஞ்சணம் பற்றும்.

இருப்பு வைத்தே தீரவேண்டுமாயின், காய் நன்கு ஆறிய பின், கறுப்புப் பாலிதீன் உறையிட்ட சாக்கில் காற்றுப் புகாமல் கட்டி, பலகைமேல், சுவரில் ஒட்டாமல் அடுக்குக. பழைய சரக்கைப் புதியதுடன் கலத்தல் ஆகாது. மங்கிய காய் சில கலந்தாலும் முழு மூட்டையின் மதிப்பும் தாழும்.

வெடித்த காயையும் நிறம் குன்றிய காயையும் முதலில் விற்றுவிடுவதே நலம். நல்ல பச்சைக் காயை நிறுத்திவைக்க எண்ணுவோர், எதிர்பார்க்கும் விலையேற்றத்தை மட்டும் கருதாது, மங்கும் நிறத்தையும் கடனின் மேல் ஏறும் வட்டியையும் சேர்த்துக் கணக்கிட்டு முடிவு செய்யுமாறு வேண்டுகிறோம்.