கால்சட்டைப் பைக்குள் ஒரு டிஎஸ்எல்ஆர் சென்சார்! தெரியுமா?

257 கிராம்! பேட்டரி, மெமரி கார்டு எல்லாம் சேர்த்து ரிக்கோ ஜிஆர் 3 கேமராவின் எடை இவ்வளவுதான். நீளம் 11 செ.மீ. கூட இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் சென்சாரின் அளவு என்ன தெரியுமா? 23.5-க்கு 15.6 மி.மீ.! தோள் வலிக்கத் தூக்கித் திரிகிறோமே, அந்த டிஎஸ்எல்ஆர்களில் பெரும்பாலானவற்றில் இருக்கும் அதே ஏபிஎஸ்-சி அளவு. சுற்றுலாவுக்கு எடுத்துப்போன பழைய பாக்கெட் கேமராக்களின் சென்சார் பரப்பு ஏறக்குறைய 28 சதுர மி.மீ. இதில் 366. பதிமூன்று மடங்கு! ராத்திரித் தெருவில் எடுத்த படம் மணல் தூவினாற்போல் ஆகிவிடாமல் தப்புவது இந்தப் பதிமூன்று மடங்கால்தான்.

சரி, எப்படி அடைத்தார்கள்? ஜூமைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்! 28 மி.மீ.க்குச் சமமான ஒரே கோணம், லென்ஸின் அதிகபட்சத் திறப்பு எஃப் 2.8, அவ்வளவுதான். தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரிய வேண்டுமா? நடந்து போங்கள்! நடக்க முடியாதென்றால் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டித் தருகிற வசதி உண்டு. ஆனால் 50 மி.மீ. கோணத்துக்கு வெட்டினால் 24 மெகாபிக்சல் ஒரேயடியாக 7 ஆகிவிடும். 28 ரொம்ப அகலம் என்று முனகியவர்களுக்காக 2021-இல் 40 மி.மீ. கோணத்தில் ஜிஆர் 3எக்ஸ் வந்தது. இரண்டு கோணமும் வேண்டுமென்றால்? இரண்டு கேமரா வாங்க வேண்டியதுதான்!

ஜூம் இல்லாமல் ஆகாது என்பவர்களுக்கு 2012-இல் வந்தது சோனி ஆர்எக்ஸ்100. எடை 240 கிராம், 28 முதல் 100 மி.மீ. வரை ஜூம், ‘ஒரு இன்ச்’ சென்சார். அந்தச் சென்சாரின் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் கிடையாது தெரியுமா? 13.2-க்கு 8.8 மி.மீ.தான்! மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ.யைத் தாண்டாது. பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு அது. குழாய் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, கணக்கு மட்டும் போகவில்லை. லென்ஸ் வளையத்தில் எஃப் 1.8 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஜூமைக் கடைசிவரை இழுத்தால் அது எஃப் 4.9! உள்ளே வரும் வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

ஜிஆருக்கே வருவோம். இதில் ஃபோகஸே தேடாமல் படம் எடுக்கலாம், தெரியுமா? ‘ஸ்னாப் ஃபோகஸ்’ என்று பெயர். 1, 1.5, 2, 2.5, 5 மீட்டர் என்று சில தூரங்கள் மெனுவில் இருக்கும். ஒன்றைத் தேர்ந்துவைத்துக்கொண்டு, ஷட்டரைப் பாதியில் நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். கேமரா எதையும் தேடாது, அந்தத் தூரத்துக்கே படம் எடுத்துவிடும்! இது குருட்டு அதிர்ஷ்டமா என்றால், இல்லவே இல்லை. உள்ளே இருக்கும் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 18.3 மி.மீ. எஃப் 8, 2.5 மீட்டர் என்று வைத்துவிட்டால் உங்களுக்கு ஒரு மீட்டர் சொச்சம் முன்னால் இருப்பதிலிருந்து அடிவானம் வரை எல்லாமே கண்ணுக்குத் தெளிவாக விழும். பைக்குள்ளிருந்து எடுத்து, ஆன் செய்து, தயாராக ஒரு நொடிகூட ஆகாது. எதிரே வருபவர் திரும்பிப் பார்ப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும்! டோக்கியோவின் ஷின்ஜுகு சந்துகளில் அலைந்து அலைந்து படமெடுத்த ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் டைடோ மொரியாமா ஆண்டுக்கணக்கில் ஜிஆர்களையே கையில் வைத்திருந்ததில் என்ன ஆச்சரியம்?

சத்தமும் அவ்வளவாகக் கிடையாது! ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் சின்ன இதழ்கள்தான். டிஎஸ்எல்ஆரில் ‘சடக்’கென்று எகிறுமே ஒரு கண்ணாடி, அது இங்கே இல்லை. இதிலும் ஒரு பிடி இருக்கிறது. எஃப் 2.8-இல் அந்த இதழ்களால் 1/2500 நொடிக்கு மேல் விரைய முடியாது. உச்சி வெயிலுக்கு அது போதாது. அதற்காக வெளிச்சத்தைக் கால்வாசியாக்கும் ஒரு கறுப்பு வடிகட்டியையும் இத்தனூண்டு உடம்புக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்!

இனி புலம்பல் படலம். பேட்டரி முழு சார்ஜில் சுமார் 200 படம்தான் தாங்கும். முந்தைய ஜிஆர் 2-க்கு 320! புதியது வந்தால் கூடத்தானே வேண்டும்? உடம்பைச் சுருக்கி, உள்ளே கை நடுக்கத்தைச் சமாளிக்கும் கருவியையும் பொருத்தினார்கள், ஆனால் படங்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஜிஆர் 2-இல் இருந்த குட்டி ஃப்ளாஷும் போயே போச்சு. வ்யூஃபைண்டர் கிடையாது. திரை மடங்காது, நம்மூர் மதிய வெயிலில் அதில் உங்கள் முகம்தான் தெரியும். 4கே வீடியோ இல்லை. மழைச் சாரலுக்கும் காப்பு இல்லை.

ஆனால் உரிமையாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இவை எதுவுமில்லை. தூசி! ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் லென்ஸ் வெளியே நீளும், அணைத்தால் உள்ளே போகும். அப்படி நீளும்போதெல்லாம் வெளிக்காற்றும் இடுக்கு வழியாக உள்ளே வரும். பையின் அடியில் கிடக்கும் பஞ்சுத் துணுக்குகளுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் ஏது? ஒரு துகள் சென்சார் மேல் ஒட்டிக்கொண்டாலும் எஃப் 2.8-இல் கண்ணில் படாது. அகன்ற திறப்பிலிருந்து பல கோணங்களில் வரும் ஒளி அதன் நிழலைக் கரைத்துவிடுகிறது. எஃப் 16-க்குப் போய் வானத்தை எடுத்துப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் வட்டப் பொட்டு! திறப்பு குறுகக் குறுக நிழல் கூர்மையாகிக்கொண்டே போகும். சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும் வசதி ஜிஆர் 3-இல் இருக்கிறது. அதற்கும் மசியாத துகள் உண்டு. டிஎஸ்எல்ஆர் என்றால் லென்ஸைக் கழற்றி ஊதித் தள்ளலாம். இங்கே லென்ஸ் கழலாது, சர்வீஸ் சென்டரில் பிரித்தால்தான் வழி. வாங்குகிற அன்றே மூடிய சின்ன உறை ஒன்றும் வாங்கிவிடுங்கள் என்பது என் கட்சி.

இன்னொன்று தெரியுமா? இந்த வம்சத்தின் மூத்தது, 1996-இல் வந்த ஃபிலிம் கேமரா ஜிஆர் 1. அதன் 28 மி.மீ. லென்ஸுக்குக் கிடைத்த பேரைப் பார்த்து, மறு வருடமே அந்த லென்ஸை மட்டும் லைக்கா கேமராக்களில் திருகி மாட்டும்படி தனியாகச் செய்து விற்றார்கள்! ஒரு பாக்கெட் கேமராவின் கண் லைக்காவுக்குப் போவதென்றால் சும்மாவா?

2025-இல் ஜிஆர் 4 வந்துவிட்டது. கேமராவுக்குள்ளேயே 53 ஜிபி இடம்! மெமரி கார்டை வீட்டில் மறந்தாலும் கவலையில்லை. ஃப்ளாஷ் மட்டும் இன்னும் உள்ளே திரும்பவில்லை. பேட்டரியும் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. உபரியாக இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.